பத்துக்கு எத்தனை?

புஷ்பகம் ஃபைபர்நெட் கம்பெனியின் வாடிக்கையாளர்களில் மனக்குறை உள்ளவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. கம்பெனியின் சிஸ்டமே அப்படித்தான் சொல்கிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்திலும் நூற்றுக்கு நூறு பேர் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட கம்பெனியிடம் போய், "எங்க வீட்ல நெட் வரலைங்க" என்று சொன்ன பாவி ஆம்பூர் தேவசகாயம்.

தேவசகாயத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரு டேனரியில் இருபத்தேழு வருஷமாகத் தோல் தரம் பிரிக்கிறவர். பதப்படுத்திய தோலை ஜன்னலோரம் மேஜையில் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். உண்ணி கடித்த இடம், முள்வேலி கிழித்த இடம், உரிக்கும்போது கத்தி பட்ட இடம் எல்லாம் கைக்குத் தெரிந்துவிடும். குறை எங்கேயோ அங்கே மெழுகுக் கிரேயானால் ஒரு வட்டம், வட்டத்துக்குக் கீழே தரம், அதற்குக் கீழே 'தே.ச.' என்று எழுத்து. அவ்வளவுதான் வேலை. ஒருமுறை முதலாளியே வந்து, மூன்றாம் தரத்தை ரெண்டாம் தரமாக்கச் சொன்னார். "ஆக்கிக்கோங்க முதலாளி. கீழ உங்க எழுத்தைப் போட்டுக்கோங்க" என்று கிரேயானை நீட்டினார் தேவசகாயம். முதலாளி வாங்கவில்லை.

இப்போது அந்த முதலாளி தோலைப் படம் பிடித்துத் தரம் சொல்லும் மெஷின் ஒன்றை வாங்கிவிட்டார். மாசக் கடைசியில் வந்து இறங்குகிறது. இந்த வயதில் யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள் என்று தேவசகாயம் குழம்பிக்கொண்டிருந்தபோதுதான் இத்தாலியிலிருந்து மார்கோ என்பவர் மெயில் அனுப்பினார். பத்து வருஷமாக அவர்கள் கம்பெனிக்குப் போகிற தோலில் 'தே.ச.' எழுத்து இருந்தால் அங்கே மறுபடி யாரும் பார்ப்பதில்லையாம். இந்தப் பக்கத்து டேனரிகளில் அவர்களுக்காகத் தோல் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும், நீர் இருப்பீரா என்று கேட்டிருந்தார். ஒரே ஒரு தேர்வு. இன்ன வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, அவருடைய வீட்டிலிருந்தே, அவருடைய கம்ப்யூட்டரிலேயே. நாற்பது தோலின் படம் திரையில் வரும். குறை இருக்கும் இடத்தை மவுஸால் வட்டம் போட வேண்டும்.

தேவசகாயத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வட்டம் போடவா அவருக்குச் சொல்லித்தர வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமைக்குச் சரியாகப் பதினோரு நாள் முன்னால், ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், நெட் நின்றது.

கம்ப்யூட்டர் மூலையில் வைஃபை படம் முழுசாகத்தான் நின்றது. பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி. மேலே வைத்துப் பார்த்தால், இணைப்பு உண்டு, இணையம் இல்லை என்று எழுதியிருந்தது. ரவுட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டில் இன்னொரு சங்கடம். தெருக்கோடி வீடு, பின்னால் டேனரியின் நெட்டைச் சுவர். செல்போனுக்கு உள்ளே ஒரு கோடுகூடச் சிக்னல் வராது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்றால்தான் பேச முடியும். அதனால்தான் வயர் போட்ட நெட்டே வாங்கியது. அக்கம்பக்கத்தார் எல்லாம் புஷ்பகத்தை எப்போதோ தலைமுழுகிவிட்டார்கள். "பேஜாராப் போயி கட் பண்ணிட்டேன் பாய்" என்று அடுத்த வீட்டு நயீம் அகமது போன வருஷமே சொன்னார். வேறு கம்பெனி வயரும் வராத அந்தத் தெருக்கோடியில் அவர்களை இன்னும் நம்பிக்கொண்டிருந்தது தேவசகாயம் வீடு ஒன்றுதான்.

தொட்டியோரம் நின்று கஸ்டமர் கேருக்குப் போன் போட்டார்.

"வணக்கம். புஷ்பகம் ஃபைபர்நெட், நான் பூர்ணிமா. உங்களை எப்படி மகிழ்விக்கலாம் சார்?"

"நெட் வரலைம்மா."

"கண்டிப்பா சார். வைஃபை கனெக்ட் ஆயிருக்கா சார்?"

"அது ஆயிருக்கு. நெட்டுதான் வரல."

"சூப்பர் சார். கனெக்ட் ஆயிருந்தா நெட் இருக்கு சார். எங்க சிஸ்டத்துலயும் உங்க லைன் பச்சையாத்தான் காட்டுது."

"இங்க சிவப்பு லைட்டு எரியுதும்மா."

"அது உங்க வீட்ல சார். இங்க பச்சை சார்."

பிறகு சடங்கு ஆரம்பமாயிற்று. ரவுட்டரை அணைக்க வேண்டும், முப்பது எண்ண வேண்டும், போட வேண்டும். ரவுட்டர் கீழே இருக்கிறது, போன் மேலே இருக்கிறது. தேவசகாயம் பதினேழு படி இறங்கி, அணைத்து, எண்ணி, போட்டு, பதினேழு படி ஏறி வருவதற்குள் பூர்ணிமா, "லைன்ல யாரும் இல்லாததால" என்று சொல்லி வைத்துவிட்டாள். அடுத்த முறை அவர் மனைவி ஹெலனைப் படிக்கட்டு நடுவில் நிறுத்தினார். ஷூ ஃபேக்டரியில் எட்டு மணி நேரம் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டு வந்த ஹெலன், "அணைக்கச் சொல்றாங்க", "எண்ணிட்டேன்னு சொல்லுங்க" என்று மேலும் கீழும் தூது போனாள். ஐந்து முறை அணைத்து ஐந்து முறை போட்டார்கள். சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

"ரவுட்டர் பக்கத்துல தோல் சாமான் ஏதாச்சும் இருக்கா சார்?" என்றாள் பூர்ணிமா.

"ஆம்பூர்ல இருக்கேன்மா. செருப்பு, பெல்ட்டு, பர்சு எல்லாமே தோல்தான்."

"அதான் சார் ரீசன். தோல் சிக்னலை உறிஞ்சிடும். எல்லாத்தையும் ரூமுக்கு வெளிய வைங்க சார்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனாலும் தேர்வு முக்கியமாயிற்றே. செருப்பு போயிற்று, பெல்ட் போயிற்று, பர்சு போயிற்று, ஹெலனின் கைப்பை போயிற்று, பைபிளுக்குப் போட்டிருந்த தோல் உறையும் கழன்று வாசலுக்குப் போயிற்று.

"நாமளும் தோலைப் போத்திக்கினுதான் இருக்கோம். நாமளும் வெளிய போய்டலாமா?" என்றாள் ஹெலன்.

வீட்டுக்கு ஆள் அனுப்புகிறோம் என்று பூர்ணிமா நாள் குறித்தாள். ஞாயிற்றுக்கிழமை. தேவசகாயம் பதறினார். ஆம்பூர்ப் பக்கம் பல டேனரிகளுக்கு வாராந்திர விடுமுறை வெள்ளிக்கிழமை. ஹெலனின் ஃபேக்டரிக்கும் அப்படித்தான். ஞாயிறு என்றால் விடியற்காலை ஆராதனைக்குப் போய்விட்டு, இரண்டு பேரும் நேராக வேலைக்குப் போகிறவர்கள்.

"வெள்ளிக்கிழமை அனுப்பும்மா. அன்னிக்கித்தான் எங்களுக்கு லீவு."

"வீக்லி ஆஃப்னா சண்டேதான் சார். சிஸ்டத்துல வெள்ளிக்கிழமை ஒர்க்கிங் டே. ஒர்க்கிங் டேல நீங்க வீட்ல இருக்க மாட்டீங்க சார்."

"இருப்பேன்மா."

"இருக்க மாட்டீங்க சார்" என்றாள் பூர்ணிமா, ரொம்பப் பரிவாக.

அந்த வாரத்து வெள்ளிக்கிழமை தேவசகாயம் வீட்டில்தான் இருந்தார். சும்மா உட்கார முடியாமல் எழுந்து, தோலைப் பார்க்கிற மாதிரியே வயரைப் பார்க்க ஆரம்பித்தார். ரவுட்டரில் தொடங்கி விரலால் தடவிக்கொண்டே ஜன்னல், சுவர், மொட்டை மாடிக் கைப்பிடி என்று போனார். அதுவரை ஒரு கீறல் இல்லை. கைப்பிடியிலிருந்து வயர் அந்தரத்தில் போய் எதிரே இருக்கும் சிமெண்ட் கம்பத்தில் ஏறியது. அங்கே பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

கம்பத்தில் புஷ்பகத்தின் விளம்பர ஃப்ளெக்ஸ் ஒன்று. 'தடையே இல்லாத இணைப்பு' என்று ஆள் உயர எழுத்து. அதைக் கட்டியிருந்த நைலான் கயிறு, போகிற போக்கில் அவருடைய வயரையும் சேர்த்து இறுக்கி, கம்பத்தோடு மடக்கிப் பிடித்திருந்தது. பூனைக்குட்டியைப் பிடரி பிடித்துத் தூக்கின மாதிரி வயர் அங்கே வளைந்து நின்றது. கயிற்றில் எட்டு முடிச்சு, ஒரு முழம் தள்ளிக் கரண்டுக் கம்பி. கைவைக்கிற இடமில்லை.

ஆனால் குறையைக் கண்டுபிடித்தபிறகு வட்டம் போடாமல் வர தேவசகாயத்தின் கைக்குத் தெரியாது. முருங்கைக்காய் பறிக்கிற மூங்கில் துரட்டியின் நுனியில் கிரேயானைக் கட்டினார். மொட்டை மாடி ஓரத்தில் நின்று, அந்த மடிப்பைச் சுற்றிக் கம்பத்தில் அழகாக ஒரு வட்டம் போட்டார். கீழே 'தே.ச.' என்று எழுதினார்.

"இன்னா பாய், கம்பத்துக்குத் தரம் பிரிக்கிறீங்களா?" என்றார் நயீம் அகமது தம் வீட்டு மாடியிலிருந்து.

"வர்ற ஆள் தேடக்கூடாது இல்ல" என்றார் தேவசகாயம்.

ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்தான். பூட்டிய கதவைப் படம் எடுத்தான். சாயங்காலம் தேவசகாயத்துக்குச் செய்தி வந்தது: 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை. குறை தீர்க்கப்பட்டது. புஷ்பகத்தோடு பறந்ததற்கு நன்றி.'

செவ்வாய்க்கிழமை ஒரு நாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று லீவு போட்டுவிட்டு வேலூருக்குப் பஸ் ஏறினார். புஷ்பகத்தின் மண்டல அலுவலகத்துக்கு 'வாடிக்கையாளர் மகிழ்ச்சி மையம்' என்று பெயர். வாசலில் டோக்கன் மெஷின். அதன் திரையில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"டோக்கன் வராது. காலைலேர்ந்து நெட் இல்ல" என்றார் வாட்ச்மேன்.

"இது நெட் கம்பெனிதானே?"

"ஆமா. அதனாலதான் டோக்கனை நெட்ல வெச்சிருக்காங்க. டோக்கன் இல்லாம உள்ள விடக்கூடாது."

இரண்டு மணி நேரம் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு பத்துப் பேர் நின்றார்கள். கடைசியில் மேலாளரே டீ குடிக்க வெளியே வந்ததால் தேவசகாயத்துக்குத் தரிசனம் கிடைத்தது. ராமமூர்த்தி என்று பெயர், மகிழ்ச்சித் துறை முதுநிலை மேலாளர். சட்டையில் சிரித்த முகம் போட்ட பேட்ஜ். கையில் வேறொரு கம்பெனி சிம் போட்ட போன், அதிலிருந்துதான் அந்த ஆபீஸ் அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தது. தேவசகாயம் கயிற்றைச் சொன்னார், மடிப்பைச் சொன்னார், வட்டம் போட்டு வைத்ததையும் சொன்னார். வெள்ளிக்கிழமைத் தேர்வைச் சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

ராமமூர்த்தி தோளில் கை போட்டார்.

"சார், நீங்க படிக்காட்டியும் விஷயம் தெரிஞ்சவரு, அதனால ஓப்பனா சொல்றேன். நெட் இல்லங்கறது வேற, நெட் இல்லன்னு ஃபீல் பண்றது வேற. நெட் வானத்துல இருக்கு, அது நம்ம கைல இல்ல. ஃபீலிங் நம்ம கைல இருக்கு. நாங்க அதைத்தான் கவனிக்கிறோம். ரெண்டு வருஷம் முன்னால இந்த ஆபீஸ்ல நாலு ஏணி இருந்திச்சி. கம்ப்ளெயிண்ட் கொட்டும் சார். ஏன்? ஏணியைப் பாத்தா ஜனங்களுக்கு ஆசை வந்துடுது. ஏறுவான், சரி பண்ணுவான்னு நம்பிக்கை ஜாஸ்தி ஆவுது. நான் வந்து மூணு ஏணியை எடுத்தேன். மகிழ்ச்சித் துறை ஆரம்பிச்சேன். இப்ப கம்ப்ளெயிண்ட் ஜீரோ. எல்லாத்தையும் இருபத்திநாலு மணி நேரத்துல க்ளோஸ் பண்ணிடறோம்."

"சரி பண்ணிடுவீங்களா சார்?"

"க்ளோஸ் பண்ணிடுவோம் சார்."

"அந்த நாலாவது ஏணியையாவது ஒரு பத்து நிமிஷம் அனுப்புங்க."

"அது விளம்பரப் பிரிவோடது. அதைத் தொட எனக்கே அதிகாரம் இல்ல. இன்னொண்ணு, உங்க ஊர்ல தோல் கெமிக்கல் ஜாஸ்தி. காத்துல கலந்து சிக்னலைக் கம்மி பண்ணும். அதையும் நீங்க யோசிக்கணும்." டீயை முடித்துவிட்டு, கப்பைத் தேவசகாயம் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போனார். போகும்போது, "கம்பத்துல கிறுக்கினது தப்பு சார். கம்பெனி ஏரியா அது. இந்த ஒரு தடவை விட்டுட்றேன்" என்றார்.

மறுபடி போன் போட்டுக் கொடுத்த புகாருக்கு, வியாழக்கிழமை சாயங்காலம் புஷ்பகத்தின் ஆள் நவீன்குமார் வந்தான். முப்பது வயதிருக்கும், வெயிலில் வெந்த முகம், அன்றைக்கு அவனுக்கு இது பத்தொன்பதாவது வீடு. ஹெலன் கொடுத்த தண்ணீரை நின்றபடியே குடித்தான். மாடிக்கு ஏறி, வட்டத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டான்.

"கரெக்டு சார். அந்த மடிப்புதான். கயித்தை அவுத்தா உடனே வந்துடும்."

"அப்ப அவுத்துடு ராஜா."

"நான் வீட்டுக்குள்ள பாக்கற ஆளு சார். கம்பம் லைன் டீமு. எங்கிட்ட ஏணி இல்ல. ஸ்க்ரூ டிரைவரே என் சொந்தம்." அவன் போனை எடுத்தான். "ஒண்ணு பண்ணலாம். லைன் டீமுக்குப் புது டிக்கெட் போடணும். இந்த டிக்கெட் தொறந்து இருக்கறவரைக்கும் புதுசு போட முடியாது. இதை க்ளோஸ் பண்ணிட்டா, காலைல ஒம்பதுக்கெல்லாம் ஏணியோட வந்துடுவாங்க. உங்க போனுக்கு வந்த ஓடிபி சொல்லுங்க சார்."

தேவசகாயம் யோசித்தார். காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் இருக்கிறது. ஓடிபியைச் சொன்னார்.

"பத்துக்கு எத்தனை மார்க் சார்?"

"ரெண்டு. நீ வந்ததுக்கு ஒண்ணு, உண்மையைச் சொன்னதுக்கு ஒண்ணு."

"எட்டுக்குக் கீழ போட்டா ஆப்புல அடுத்த பக்கம் நகராது சார். பத்துக்குக் கீழ போட்டா எனக்கு அன்னிக்கு சம்பளம் நகராது" என்றான் நவீன்குமார், தரையைப் பார்த்துக்கொண்டு.

இருபத்தேழு வருஷத்தில் ஓட்டைத் தோலுக்கு முதல் தரம் போட்டதில்லை அவர். முதலாளிக்கே போடாததை இந்தக் களவாணிக் கம்பெனிக்குப் போட வேண்டியிருக்கிறதே என்று நொந்துகொண்டார். ஹெலன் அந்த ஆளின் பிய்ந்த ஷூவைப் பார்த்தாள், அப்புறம் புருஷனைப் பார்த்தாள். "போட்டுக்கோப்பா" என்றார் தேவசகாயம், வேறு பக்கம் திரும்பி.

நவீன்குமார் பத்து போட்டான். ரவுட்டரைத் தேவசகாயம் கையில் கொடுத்து ஒரு படம் எடுத்தான். "கொஞ்சம் சிரிங்க சார். சிரிப்பு இல்லன்னா சிஸ்டம் எடுத்துக்காது." மூன்றாவது முறைதான் சிஸ்டம் எடுத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு ஏணி வரவில்லை. ஒன்பதரைக்கும் வரவில்லை. பத்துக்கு ஹெலன் எழுந்து, "இனிமே இவனுங்களை நம்பினா நாமதான் பைத்தியம். தூக்குங்க" என்றாள்.

மேஜையை முதலில் தூக்கினார்கள். பிறகு திரை, பிறகு பெட்டி, பிறகு கீபோர்டு. நயீம் அகமது தம் வீட்டிலிருந்து நீள வயர் கொண்டுவந்து கரண்டு கொடுத்தார். தண்ணீர்த் தொட்டி மேல் போனை வைத்து, அதன் நெட்டைக் கம்ப்யூட்டருக்கு இழுத்தார்கள். ஹெலனிடமும் நயீமிடமும் இருப்பது பட்டன் போன், நெட் வருவது இந்த ஒரு போனில்தான். அதிலும் ஒரு சிக்கல், யாராவது கூப்பிட்டால் நெட் நின்றுவிடும் ரகம். இந்த நேரத்தில் யார் கூப்பிடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் தேவசகாயம். வெயிலில் திரை தெரியவில்லை. கம்பளியை எடுத்து அவர் தலையோடு கம்ப்யூட்டரையும் சேர்த்து மூடினாள் ஹெலன். ஒரு முனையை அவளும் மறு முனையை நயீமும் பிடித்துக்கொண்டார்கள். சளிக்கு ஆவி பிடிக்கிறவர் மாதிரி உள்ளே உட்கார்ந்திருந்தார் தேவசகாயம். முதுகில் வியர்வை ஆறாக ஓடியது.

பதினோரு மணிக்குத் திரையில் மார்கோ வந்தார். அவருக்கும் ஆங்கிலம் அரைகுறை, இவருக்கும் அரைகுறை. அதனால் நன்றாகவே புரிந்தது. முதல் தோல் வந்தது. உண்ணிக்கடி, வட்டம். இரண்டாவது, கத்தி வெட்டு, வட்டம். ஏழாவதில் ஒன்றுமே இல்லை, கையைக் கட்டிக்கொண்டார். மார்கோ சிரித்தது கேட்டது. பத்து, இருபது, முப்பது என்று போயிற்று. இருபத்தேழு வருஷத்துக் கை அன்றைக்கு மவுஸில் பேசியது. முப்பத்தோராவது தோலில், வால் பக்கம், மயிரிழை மாதிரி ஒரு கீறல். அதையும் பிடித்துவிட்டார். "பிராவோ" என்றார் மார்கோ.

தொட்டி மேல் போன் அடித்தது. திரையில் மார்கோ வாய் திறந்தபடி நின்றுபோனார்.

"வணக்கம். புஷ்பகம் ஃபைபர்நெட். உங்கள் குறை தீர்ந்துவிட்டது. நீங்கள் மகிழ்ச்சியாக இருந்தால் எண் ஒன்றை அழுத்தவும். மிக மகிழ்ச்சியாக இருந்தால் எண் இரண்டை அழுத்தவும்."

துண்டித்தார். மார்கோ திரும்பி வந்தார். முப்பத்திரண்டாவது தோல் பாதி இறங்குவதற்குள் மறுபடி போன். மறுபடி துண்டித்தார். மறுபடி வந்தது, வேறொரு எண்ணிலிருந்து. பதில் அழுத்தாதவரை அது விடாதாம். தேவசகாயம் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டை அழுத்தினார்.

"மிக்க நன்றி. உங்கள் மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ள மேலாளர் உங்களோடு பேசுவார்."

ராமமூர்த்தியே வந்துவிட்டார். "தேவசகாயம் சார், பாத்தீங்களா, பத்துக்குப் பத்து போட்டிருக்கீங்க. எனக்கு அப்பவே தெரியும் சார், உங்க முகத்துல ஒரு மகிழ்ச்சி இருந்திச்சி. உங்க மாதிரி உழைப்பாளிங்கதான் எங்க பிராண்டு. உங்க போட்டோவை நம்ம விளம்பரத்துக்கு..."

"எதையாவது பண்ணுங்க சார், போனை வைங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"நன்றி சார். இந்தச் சம்மதம் பதிவு செய்யப்பட்டது."

கம்பளியை விலக்கிப் பார்த்தபோது மார்கோ போய்விட்டிருந்தார். திரும்பக் கூப்பிட்டும் கிடைக்கவில்லை. நயீம் அகமது தொழுகைக்கு நேரமாயிற்று என்று மெல்லச் சொல்லிவிட்டு இறங்கினார். ஹெலன் கம்பளியை மடித்துக்கொண்டே அழுதாள்.

திங்கட்கிழமை மெயில் வந்தது. முப்பத்தொன்றில் முப்பத்தொன்றும் சரி, உங்கள் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருந்தார் மார்கோ. ஆனால் தினமும் வீட்டிலிருந்து படமும் அறிக்கையும் அனுப்ப வேண்டிய வேலை இது, இணைப்பு நிலையாக உள்ள வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், மன்னிக்கவும். தேவசகாயம் அதைத் தொட்டியோரம் நின்று இரண்டு தடவை படித்தார். மாசக் கடைசியில் மெஷின் வந்து இறங்கியது. அதன் வாயில் தோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டது. மெஷின் தவறாகச் சொல்லும்போதெல்லாம் அவர் கை கிரேயான் இருக்கும் சட்டைப்பைக்குப் போய்ப் போய் வந்தது.

அதற்கடுத்த வியாழக்கிழமை வேலை முடிந்து வரும்போது எதிர்க் கம்பத்தில் ஒரு புது ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. பழையதைவிட இரண்டு மடங்கு. அதில் தேவசகாயம் ரவுட்டரைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு சிரித்தார். 'ஆம்பூரிலிருந்து இத்தாலி வரை! பத்துக்குப் பத்து! - மிக மகிழ்ச்சியான தேவசகாயம்' என்று எழுதியிருந்தது. கயிறு அதே இடத்தில், அதே வயர் மேல், முன்னைவிட இறுக்கமாக. பழைய வட்டம் ஃப்ளெக்ஸின் ஓரத்தில் பாதி தெரிந்தது.

இரவு அவர் சாப்பிடவில்லை. "நான் போட்ட பத்துங்கறானே, அதைத்தான் தாங்க முடியல" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

விடிந்தது வெள்ளிக்கிழமை. தேவசகாயம் துரட்டியை எடுத்தார். நுனியில் கிரேயானைக் கட்டினார். மாடி ஓரத்தில் நின்று, ஃப்ளெக்ஸில் சிரிக்கிற தம் முகத்தைச் சுற்றிப் பெரிதாக ஒரு வட்டம் போட்டார். கீழே 'ரிஜெக்ட்' என்று எழுதினார். அதற்குக் கீழே 'தே.ச.' போட்டார்.

யார் சொன்னார்களோ, நாற்பது நிமிஷம்கூட ஆகவில்லை. தெருமுனையில் புஷ்பகத்தின் வேன் திரும்பியது. மேலே ஏணி. அலுமினிய ஏணி, புத்தம்புதுசு, வெயிலில் பளபளத்தது. மூன்று பேர் இறங்கினார்கள், கையில் அதே படம் போட்ட வேறொரு ஃப்ளெக்ஸ் சுருட்டு. ஒருவன் விறுவிறுவென்று ஏறினான்.

தேவசகாயம் மாடியிலிருந்தே பேசினார். அவன் தலைக்கும் இவருக்கும் பத்தடிதான்.

"தம்பி, உன் காதுக்குப் பக்கத்துல ஒரு வயர் மடிஞ்சிருக்கு பாரு."

"தெரியுது சார். வட்டம்கூடப் போட்டிருக்கு."

"அந்தக் கயித்தை ஒரு சாண் தள்ளிக் கட்டேன். புண்ணியமாப் போவும்."

"அது லைன் டிக்கெட் சார். நாங்க ஃப்ளெக்ஸ் டிக்கெட். தள்ளிக் கட்டினா படம் கோணலாத் தெரியும், மேலிடத்துல கேப்பாங்க." சொல்லிக்கொண்டே பழைய ஃப்ளெக்ஸின் முடிச்சுகளை அவிழ்த்தான். எட்டாவது முடிச்சு கழன்றதும் வயர் தளர்ந்து நிமிர்ந்தது.

"என்னங்க, பச்சை எரியுது!" என்று கீழேயிருந்து ஹெலனின் குரல் வந்தது. "நெட் வந்துடுச்சி!"

நெட் நான்கு நிமிஷம் இருந்தது. அதற்குள் புது ஃப்ளெக்ஸை விரித்து, மேலே ஏற்றி, கயிற்றை அதே இடத்தில் சுற்றி, எட்டு முடிச்சும் போட்டுவிட்டார்கள். கீழே ரவுட்டரில் மறுபடி சிவப்பு மினுக்கியது.

ஏணிக்காரன் இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, வாசலுக்கு வந்தான்.

"உங்க பேர்லதான் சார் டிக்கெட் வந்திருக்கு. ஓடிபி ஒண்ணு வரும், சொல்லுங்க. எங்க வேலைக்கு பத்துக்கு எத்தனை போடலாம்?"

தேவசகாயம் படியிறங்கித் தெருவுக்குப் போனார். கம்பத்துக்கு எதிரே நின்று, இருபத்தேழு வருஷமாகப் பார்க்கிற மாதிரியே பார்த்தார். நான்கு மூலையும் இழுத்துக் கட்டியிருந்தது. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு மடிப்பு இல்லை, நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. சாயம் எங்கேயும் மங்கவில்லை. நாற்பது நிமிஷத்தில் வந்து, பத்து நிமிஷத்தில் முடித்திருக்கிறார்கள். குறை தேடித் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. இல்லாத குறையைச் சொல்லவும் அந்த மனிதருக்குத் தெரியாது.

"பத்து" என்றார்.

புஷ்பகத்தின் சிஸ்டத்தில் இருக்கிற பத்துகளிலேயே யாரும் நெருக்காமல், உள்ளது உள்ளபடி போட்ட பத்து அது ஒன்றுதான்.